வாசலில் இறைந்த சோளப்பொரி

பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்
1986 மே, ஞாயிறு காலை

என் அன்புள்ள மகன் தியாகுவுக்கு அம்மா எழுதுவது. நானும் அக்காவும் உடம்பால் சுகம், மனத்தால் எப்படியென்பதைக் கீழே எழுதுகிறேன். நீ உன் சுகத்தைப் போன கடிதத்தில் ஒரே வரியில் முடித்திருந்தாய், அந்த ஒரு வரியிலும் நலத்துக்கு 'ள' போட்டிருந்தாய், அதைப் பார்த்ததும் நீ நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை என்று தெரிந்துகொண்டேன். அபர்டீனில் இன்னும் காற்று அடங்கவில்லை என்று கேள்விப்பட்டேன், கம்பளி உறையைக் காலில் போடாமல் வெளியே இறங்காதே. இங்கே தினமும் பின்னேரத்தில் மழை, குசினிக் கூரை பழைய இடத்திலேயே ஒழுகுகிறது, வாளி வைத்திருக்கிறோம். இன்னொன்று, இந்தக் கடிதத்தை முழுவதும் வாசித்து முடிக்குமுன் அக்காவுக்குப் போன் எடுக்காதே. பாதியில் எடுத்தால் நீ என்னைத்தான் ஏசுவாய், முழுவதும் வாசித்த பிறகு ஏசினால் அது வேறு.

நீ வாடகைக்கு இருக்கிற வீட்டுக்காரியின் பிள்ளைகளுக்குச் செய்து கொடுக்க, எங்கள் கான்வென்டில் சிஸ்டர் பெர்னதெத் சொல்லித்தந்த சோளப்பொரி உருண்டை எப்படிச் செய்வதென்று கேட்டிருந்தாய். எழுதுகிறேன், ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை அந்த உருண்டை செய்யப்போய் அக்காவின் கலியாணமே நிற்கப் பார்த்ததையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது. அக்காவுக்கு இப்போது முப்பத்துநான்கு. முன்பு வந்த இரண்டு சம்பந்தங்களையும் தட்டிவிட்டது நான்தான் என்று நீ போன தீபாவளிக்கு எழுதியது எனக்கு மறக்கவில்லை. ஒருவன் தான் பார்க்கும் உத்தியோகத்தின் பெயரையே பிழையாக எழுதினான், மற்றவன் என் எதிரில் இருந்துகொண்டு கடைசிவரை காலாட்டினான். இன்றைக்கு வந்தாலும் அவர்களுக்கு அதே பதில்தான். ஆனால் இது அப்படியில்லை, இது அக்காவே சொன்ன இடம். சபாபதி என்று பெயர், கிள்ளானில் வீடு, ஷா ஆலத்தில் ஒரு தொழிற்சாலையில் கணக்காளர், நம்மவர்கள்தான். கோயில் திருவிழாக் குழுவில் இருவரும் சேர்ந்து வேலை செய்திருக்கிறார்கள், எனக்கு ஒன்றும் தெரியாது. ஒருநாள் சாப்பிடும்போது கறியைப் பார்த்துக்கொண்டே, 'அம்மா, கிள்ளானில இருந்து ஒராள் தாயோட வந்து கேக்க விரும்புறார், நீங்கள் வேண்டாமெண்டால் இப்பவே சொல்லிப்போடுங்கோ' என்றாள். சிவமலர் பிறந்ததிலிருந்து என்னிடம் வாய்விட்டு ஒன்றும் கேட்டதில்லை, சங்கிலி வேண்டும் சேலை வேண்டும் என்றுகூட. அன்றைக்கு அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், ஒரு பிடி உள்ளே போகவில்லை. வரச் சொல் என்றேன்.

அடுத்த வீட்டு வேலாயுதத்தை உனக்குத் தெரியும், ரயில்வேயில் இருக்கிறார், அவருடைய தகப்பனார் சின்னையா இந்தத் தை மாதம் காலமானார். வேலாயுதத்தின் மனைவி சந்திரகலா தொழிற்சாலையில் ஷிப்டு வேலைக்குப் போகிறாள், அதனால் பள்ளி விடுமுறையில் அவர்களுடைய பெண்பிள்ளைகள் இரண்டும் பகலில் என்னிடம்தான். பெரியது ரமணி, எட்டு வயது, சொன்னதை அப்படியே பிடித்துக்கொள்ளும். சின்னது பவுனு, பாட்டி பவுனம்மாளின் பெயரை வைத்து அப்படிச் சுருக்கிவிட்டார்கள், தூங்கும்போது மட்டும் வாயை மூடும். இரண்டும் என்னை ஆன்டி என்றுதான் கூப்பிடும், பாட்டி என்று கூப்பிட நான் யாரையும் விட்டதில்லை. ஆங்கிலச் சொற்களைப் பிழையில்லாமல் எழுதினால் ஞாயிற்றுக்கிழமை உருண்டை செய்வோம் என்று சொல்லியிருந்தேன், எழுதிவிட்டார்கள். அதற்குள் வெள்ளிக்கிழமை சபாபதியின் தாய் இராசேஸ்வரி போன் செய்து, ஞாயிறு நல்ல நாளாயிருக்கிறது, பின்னேரம் வரலாமோ என்று கேட்டார். வாருங்கள் என்றேன். அக்கா பிள்ளைகளின் உருண்டையை அடுத்த கிழமைக்குத் தள்ளிவைப்போமே என்றாள். கொடுத்த வாக்கைத் தள்ளிவைக்கிற வழக்கம் இந்த வீட்டில் இல்லை, காலையில் செய்து முடித்துவிடலாம் என்றேன். அவள் மறுபேச்சுப் பேசவில்லை, பேசியிருக்கலாம்.

செய்முறையைக் கவனமாக வாசி. கோழிக்குப் போடுகிற சோளம் பொரியாது, பொரிப்பதற்கென்றே சிறிய, பளபளப்பான முத்து இருக்கிறது, அதைக் கேட்டு வாங்கு. அடிகனமான பானையில் எண்ணெய் விட்டு முதலில் இரண்டு மூன்று முத்துகளை மட்டும் போட்டு மூடு, அவை வெடித்த பிறகுதான் மற்றவை. அடியில் முத்து ஒரு அடுக்குக்கு மேல் போகக்கூடாது. மூடியை ஒரு பக்கம் சிறிது விலக்கி வை, ஆவி போகாவிட்டால் பொரி தோல்போல் இழுக்கும். பானையை ஆட்டிக்கொண்டே காதைக் கொடுத்துக் கேள், தகரக் கூரையில் மழை பிடிப்பதுபோல் வரும், பிறகு மழை விடுவதுபோல் ஓயும், ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் நடுவில் மூச்சு விட இடம் கிடைத்ததும் இறக்கிவிடு. பவுனு, பானைக்குள்ள யாரோ கதவைத் தட்டுறாங்க என்று சொல்லி ரமணியின் பின்னால் ஒளிந்துகொண்டது. மூடியைத் திறந்ததும் இரண்டும் பாப்கார்ன் பாப்கார்ன் என்று குதித்தன. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆங்கிலம் பேசும்போது ஆங்கிலம், தமிழ் பேசும்போது தமிழ், இதற்கு நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது, சோளப்பொரி என்று சொல்லுங்கள் என்றேன். ரமணி சற்று யோசித்து, 'பொரின்னா, மத்த பொரி மாதிரியா ஆன்டி' என்று கேட்டாள். எல்லாம் பொரிதான், அது நெல், இது சோளம், வேறு வித்தியாசம் இல்லை என்றேன். சரியாகச் சொல்லும்வரை சட்டியைத் தொடவிடவில்லை.

பாகுக்கு சிஸ்டர் பெர்னதெத் தம்முடைய ஊர்ப் பாகைத் தேடிக் கிடைக்காமல் இங்கத்தைத் தென்னைவெல்லமான குலா மலாக்கா போட்டார், அதுவே நல்ல ருசி. உனக்கு அங்கே கிடைக்காது, கறுப்புச் சர்க்கரை வாங்கு. சிறிது தண்ணீரில் கரைத்து வடிகட்டி, ஒரு சிட்டிகை உப்பும் ஒரு கரண்டி வெண்ணெயும் போட்டுக் காய்ச்சு. குளிர்ந்த தண்ணீரில் ஒரு துளி விட்டால் கரையாமல் உருள வேண்டும், உருண்டதை எடுத்துக் கிண்ணத்தில் போட்டால் டக்கென்று சத்தம் கேட்க வேண்டும். இந்த நேரத்தில் பிள்ளைகளை அடுப்புக்குக் கிட்ட விடாதே. வெந்நீர் பட்டால் வழிந்து போய்விடும், பாகு ஒட்டிக்கொண்டு சுடும். நான் தரையில் சாக்கட்டியால் கோடு போட்டு, கோட்டுக்கு வெளியே இருவரையும் இருத்தி, பொரியாத முத்துகளைப் பொறுக்கும் வேலையைக் கொடுத்தேன். பாகை ஊற்றிக் கிளறி, கை தாங்குகிற சூட்டில், உள்ளங்கையில் வெண்ணெய் தடவிக்கொண்டு, முட்டையைப் பிடிப்பதுபோல் பிடித்து உருட்டு. இறுக்கினால் கல்லாகிவிடும். அக்காவும் தலைக்கு முழுகிய ஈரத்தோடு வந்து உருட்டினாள், அவள் பிடித்தவை எல்லாம் கோணல். சிரித்துக்கொண்டிருந்தாள், அதனால் நான் திருத்தவில்லை. கண்ணாடித் தாளில் சுற்றித் தட்டில் அடுக்கினோம். பாகு போதாமல் ஒரு பெரிய சட்டி வெறும் பொரி மீந்துவிட்டது. வருகிறவர்கள் முன்னால் கூடத்தில் சிந்தக்கூடாது, வெளியே கொண்டுபோய் என்னவும் செய்யுங்கள் என்று சட்டியை ரமணி கையில் கொடுத்தவளும் நான்தான்.

பின்னேரம் கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தேன். கேட்டிலிருந்து வாசற்படி வரை சிமெண்டு நடை முழுவதும் வெள்ளையாகப் பொரி இறைந்து கிடந்தது. அலங்கோலமாக அல்ல, அதுதான் இன்னும் மோசம், நான் பழக்கிய ஒழுங்கோடு இரண்டு ஓரமும் சமமாக, நடுவில் கொஞ்சம் அடர்த்தியாக. இரண்டு பிள்ளைகளும் கேட்டின் இரண்டு பக்கமும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். இராசேஸ்வரி ஒரு காலை உள்ளே வைத்துவிட்டார், மற்றக் கால் வெளியே சாக்கடைக் கானுக்கு மேலே போட்ட பலகையில். வைத்த காலை மெதுவாக எடுத்துக்கொண்டார். 'உதென்ன, பொரியே போட்டிருக்கு' என்று கேட்டார். என் வாயில் முதலில் வந்தது ஆங்கிலம்தான். 'பாப்கார்ன், வெறும் பாப்கார்ன், பிள்ளையள் விளையாடினது' என்றேன். ரமணி வகுப்பில் தூக்குவதுபோல் கையைத் தூக்கி, 'ஆன்டி, பாப்கார்ன்னு சொல்லக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க, பொரின்னு சொல்லணும்' என்றாள். சபாபதி நிலைமையைச் சமாளிக்கலாமென்று குனிந்து, ஏன் இதை இங்கே போட்டீர்கள் என்று சிரித்தபடி சின்னதிடம் கேட்டார். கேட்காமல் இருந்திருக்கலாம். பவுனு பெருமையாக, 'எங்க தாத்தா போறப்போ ரோடு பூரா போட்டாங்க அங்கிள், ஏன்னு கேட்டதுக்கு அப்பா சொன்னாரு, தாத்தா பெரிய ஆளு, பெரிய ஆளுக்குத்தான் பொரி போடுவாங்கன்னு' என்று சொல்லிவிட்டு, இராசேஸ்வரியை நிமிர்ந்து பார்த்து, 'நீங்க பெரிய ஆளுதானே' என்று கேட்டது.

பெண் பார்க்க வந்த இடத்தில், வாசற்படிக்கு வருமுன், சாவீட்டுப் பேச்சு. 'தம்பி, காரை எடு' என்று மட்டும் சொன்னார் இராசேஸ்வரி. வந்தவர்களின் பின்னால் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுக்கிற பழக்கம் எனக்கு இல்லை. சபாபதி காரையும் பார்த்தார், எனக்குப் பின்னால் திரைச்சீலையையும் பார்த்தார். திரைக்குப் பின்னால் அக்கா பட்டுச்சேலையோடு நின்றாள். கார் போன பிறகு வெளியே வந்து, சேலையைச் செருகிக்கொண்டு விளக்குமாற்றை எடுத்தாள். நான் பிள்ளைகளைப் பார்த்து வாய்க்கு வந்ததைச் சொன்னேன், என்ன சொன்னேனென்று இங்கே எழுதமாட்டேன். ரமணி அழாமல் நின்றாள், பவுனு அழுத அழுகையில் மூன்று வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்கள். வேலை முடிந்து வந்த சந்திரகலா உடுப்புக்கூட மாற்றாமல் கேட்டடிக்கு வந்து, 'ஆன்டி, பிள்ளைங்கள ஏசினீங்களாம். பொரின்னு சொல்லிக் குடுத்தது நீங்க, சட்டியக் கையில குடுத்தது நீங்க, பொரிய வச்சு என்னா செய்வாங்கன்னு அதுங்க பாத்தது அந்த ஒண்ணுதானே, அது உங்களுக்குத் தெரியாதா' என்று கேட்டாள். பதில் சொல்வதற்குள், 'இனிமே நான் அனுப்பல லா, ஜெஞ்சாரோம்ல எங்கம்மா வீட்டுல விட்டுக்கிறேன்' என்று போய்விட்டாள். சொன்னபடி அனுப்பவில்லை. வீட்டில் உருண்டைத் தட்டு அப்படியே இருந்தது, மழை ஈரத்தில் பாகு கண்ணாடித் தாளுக்குள் கசிய ஆரம்பித்தது. அக்கா பள்ளி விடுமுறையிலும் தன் வகுப்புப் பிள்ளைகளின் பயிற்சிக் கொப்பிகளை எடுத்து வைத்துக்கொண்டு திருத்தினாள். என்னோடு கோபமென்றால் பரவாயில்லை, கோபமில்லை, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள், அதைத்தான் தாங்க முடியவில்லை.

வியாழக்கிழமை வேலை முடிந்து சபாபதி தனியாக வந்தார். கேட்டடியில் தயங்கினார். ஜெஞ்சாரோமுக்குப் போக இன்னும் பஸ் ஏறாத பவுனு வேலிக்கு மேலாகத் தலையை நீட்டி, 'இன்னிக்கு ஒண்ணும் போடல அங்கிள், உள்ள வாங்க' என்றது. அவர் சிரித்துக்கொண்டேதான் உள்ளே வந்தார், ஆனால் நாற்காலியில் இருந்ததும் சிரிப்புப் போய்விட்டது. 'அம்மாவை நீங்கள் பிழையா நினைக்கக்கூடாது ஆன்டி' என்று தொடங்கினார். அவருக்கு ஓர் அண்ணர் இருந்திருக்கிறார், படிப்பு முடித்து வேலைக்குப் போகத் தொடங்கிய வருடம் காய்ச்சலில் போய்விட்டார். 'அண்டைக்கு அம்மா கேட்டடியிலதான் நிண்டவா. பொரி போட்டுக்கொண்டு போறதைச் சந்தி திரும்பும்வரைக்கும் பாத்துக்கொண்டு நிண்டவா. அதுக்குப் பிறகு எங்கட வீட்டுக்குள்ள பொரி வந்ததில்லை, சரசுவதி பூசைக்குக்கூட இல்லை' என்றார். சிவமலர்மேல் அம்மாவுக்கு ஒரு குறையும் இல்லை, கலியாணத்தை வைத்துக்கொள்ளச் சொல்கிறார், ஒன்றே ஒன்று, மணவறையில் பொரியிடுகிற சடங்கு மட்டும் வேண்டாம், அது இருந்தால் அம்மா மணவறைப் பக்கம் வரமாட்டார் என்றார்.

நீயே சொல், நான் எப்படி ஒப்புக்கொள்வேன். பெண்ணோடு பிறந்தவன் அவள் கையில் பொரி எடுத்துக் கொடுக்க, மாப்பிள்ளை அவள் கையைப் பிடித்து அதை ஓமத்தில் இடாமல் கலியாணம் எங்கே நிறைகிறது. என் கலியாணத்தில் அந்த ஒரு காரியத்துக்காகவே என் அண்ணர் தைப்பிங்கிலிருந்து காய்ச்சலோடு ரயிலேறி வந்தார். ஒரு தையலில் பிழையிருந்தால் முழுவதையும் பிரித்துத் தைக்கச் சொன்ன சிஸ்டர்களிடம் வளர்ந்தவள் நான். 'தம்பி, அரைக் கலியாணத்துக்கு என்ரை பிள்ளையைத் தரமாட்டன், அம்மாவிடம் அப்பிடியே சொல்லுங்கோ' என்றேன். அவர் என்னோடு வாதாடவில்லை. தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு, 'சரி ஆன்டி' என்று எழுந்தார். அக்கா அவரைக் கேட்வரை கொண்டுபோய் விட்டாள், இருவரும் என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை, பேசினதாகவும் தெரியவில்லை. திரும்பி வந்து அந்தக் கோப்பையைக் கழுவினாள், நெடுநேரம் கழுவினாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்று, 'அம்மா, எனக்குப் பொரி வேண்டாம். ஆள் வேணும்' என்றாள். அவ்வளவுதான், கொப்பிகளைத் திருத்தப் போய்விட்டாள். நான் எத்தனையோ பேருடைய வசனத்தைத் திருத்தியிருக்கிறேன் தியாகு, இதில் திருத்த ஒன்றும் இல்லை.

மறுநாள் காலை நானே கிள்ளானுக்குப் போன் செய்தேன். மணி அடிக்கும்போது வைத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன், அதற்குள் இராசேஸ்வரி எடுத்துவிட்டார். என்ன சொல்வதென்று நான் எழுதி வைத்திருந்தது ஒன்றும் வாயில் வரவில்லை. சடங்கை விட்டுவிடலாம் என்று மட்டும் சொன்னேன். அவர், 'அந்தப் பிள்ளையள் பயந்துபோச்சுதுகளோ, சின்னது அழுததெண்டு தம்பி சொன்னவன்' என்று கேட்டார். அழுதது உங்களுக்காக இல்லை, நான் ஏசினதுக்காக என்றேன். 'பாப்கார்ன் எண்டே விட்டிருக்கலாமே அக்கா, நீங்கள் ஏன் தமிழ் படிப்பிச்சனீங்கள்' என்றார். எனக்குக் கோபம் வரவேண்டும், வரவில்லை, இருவரும் போனைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம், அவர் சிரித்து முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தார். கலியாணத்துக்கு இரண்டு பிள்ளைகளையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார், கையில் மட்டும் ஒன்றும் கொடுத்துவிட வேண்டாமாம். அதைச் சொல்லத்தான் அன்று பின்னேரம் நான் சந்திரகலா வீட்டுப் படியேறினேன். அவள் முதலில் கதவைப் பாதிதான் திறந்தாள், பிறகு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். நாளையிலிருந்து பிள்ளைகள் வருவார்கள்.

கந்தசுவாமி கோயிலில் ஆவணி மாதத்தில் நாள் வைத்திருக்கிறது. குருக்கள் பொரிக்குப் பதிலாகப் பூவை வைத்துச் செய்துவிடலாம் என்றார், நான் வேண்டாம் என்றேன். இல்லையென்று விட்டதை இல்லையென்றே விட வேண்டும், அந்த இடத்தில் வேறொன்றை வைத்து மூடுவது எனக்குப் பிடிக்காது. அப்படியென்றால் பெண்ணின் தம்பிக்கு மணவறையில் ஒரு வேலையும் இல்லையே, அவ்வளவு தூரத்திலிருந்து அவரைக் கூப்பிடத்தான் வேண்டுமா என்று கேட்டார். வேண்டும் என்றேன்.

ஆகையால் லீவுக்கு நாளைக்கே எழுதிக் கேள், கடைசி நேரத்தில் கேட்டால் தரமாட்டார்கள். வீட்டுக்காரியின் பிள்ளைகளுக்கு உருண்டை செய்யும்போது கோடு போட மறக்காதே, அதன் பெயரை அவர்கள் எப்படிச் சொன்னாலும் திருத்தாதே. கந்தசுவாமி உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், அப்பா இருந்து தரவேண்டிய ஆசீர்வாதத்தையும் சேர்த்து நானே தருகிறேன். நாங்கள் ஒருவரும் உன்னிடம் சாமான் எதிர்பார்க்கவில்லை, பெட்டி தூக்கிக்கொண்டு அலையாதே. பொரியிட வேண்டிய நேரம் வரும்போது குருக்கள் அதைத் தாண்டி அடுத்த மந்திரத்துக்குப் போய்விடுவார், அந்தச் சிறிது நேரம் நீ அக்காவின் பக்கத்தில் நிற்க வேண்டும். கொடுக்க ஒன்றும் இருக்காது. வெறுங்கையோடு வந்து நில்.

இப்படிக்கு,
உன் அம்மா
குணேஸ்வரி வீரசிங்கம்